பிரிந்தவர்களின் வீடு, உடைந்த மணிக்கட்டு: யார் பொறுப்பு?

(எபிசோடின் ஒலிவடிவத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்கே யாராவது ஒரு கெஸ்ட் வருவாங்க, நான் கேள்வி கேட்பேன். இன்னைக்கு கெஸ்ட் கிடையாது. சிதம்பரத்தில் பதிவான ஒரு எஃப்.ஐ.ஆரில் ரெண்டாவது எதிரியா என் பேர் இருந்தது. ஒன்றரை வருஷம் கழிச்சு இப்போதான் அது முடிஞ்சது. முடிஞ்ச பிறகு பேசலாம்னு வக்கீல் சொன்னார். அதனால பேசுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் வக்கீல் இல்லை. ஐ.டி. வேலை. ஆனா நம்ம பேர் ஒரு வழக்கில் ஏறிடுச்சுன்னா, படிக்கவே பிடிக்காத சட்டமெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து படிப்போம். அப்படிப் படிச்சதும், வக்கீல்கிட்ட கேட்டதும்தான் இந்த எபிசோட்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

எங்க வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அக்காவை சிதம்பரத்தில் கொடுத்திருந்தோம். கல்யாணம் ஆகி நாலாவது வருஷம் அக்காவும் மாமாவும் சேர்ந்து அண்ணாமலைநகர் பக்கம் ஒரு வீடு வாங்கினாங்க. பத்திரம் ரெண்டு பேர் பேரில், வங்கிக் கடனும் ரெண்டு பேர் பேரில். அப்புறம் ஒத்துவரலை. அடிதடி கிடையாது, சண்டை கூட பெருசா கிடையாது. பரஸ்பர சம்மதத்தில் கடலூர் கோர்ட்டில் விவாகரத்து வாங்கினாங்க.

மனுவில் எல்லாம் எழுதினாங்க. ஜீவனாம்சம் வேண்டாம்னு எழுதினாங்க. நகை திரும்ப வந்ததுன்னு எழுதினாங்க. வீட்டைப் பத்தி மட்டும் எழுதலை. "அதை அப்புறம் பேசிக்கலாம்"னு ரெண்டு குடும்பமும் சொல்லிக்கிட்டோம். சீக்கிரம் முடிச்சா போதும்னு இருந்தது எங்களுக்கு. அந்த 'அப்புறம்'தான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

மாமாவும் அவங்க அம்மாவும் அந்த வீட்டிலேயே இருந்தாங்க. அக்கா கடலூருக்கு வந்துட்டா. ஈ.எம்.ஐ.யில் பாதி மட்டும் அவ சம்பளத்தில் இருந்து மாசா மாசம் போய்க்கிட்டே இருந்தது. அவ பீரோ, தையல் மெஷின், புத்தகம் எல்லாம் அங்கேதான். கேட்டா, "நாளைக்கு", "அடுத்த வாரம்". கடைசியில் அவ போனையே எடுக்கலை.

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிறு. நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். "பாதி வீடு எங்களுதுடா, யார் நம்மள என்ன கேட்கமுடியும்"னு எனக்கு ஒரு வேகம். ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டேன். "சும்மா வந்து நில்லுங்கடா, நீங்க ஒண்ணும் பேசவேண்டாம்"னேன். ஒரு குட்டியானை வாடகைக்குப் பிடிச்சோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி சிதம்பரம் போய்ச் சேர்ந்தப்போ காலை பத்தரை இருக்கும்.

மாமா எங்களைப் பார்த்ததும் கேட்டைச் சாத்தினார். வாய் வார்த்தை முத்திச்சு. "தள்ளுடா"ன்னு அக்கா சொன்னா. நான் தள்ளினேன். அந்தப் பக்கம் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு நின்னது மாமா இல்லை, அத்தை. அறுபத்தி நாலு வயசு. கேட் வேகமா திறந்துக்கிச்சு, அவங்க பின்னாடி விழுந்தாங்க, கையை ஊனினாங்க. வலது மணிக்கட்டு எலும்பு உடைஞ்சது.

என்ன நடந்ததுன்னு எனக்குப் புரியறதுக்குள்ள மாமா ஒரு இரும்பு பைப்பை எடுத்துட்டார். நாங்க ஓடினோம். தெருமுனை வரைக்கும் துரத்திட்டு வந்து என் ஃப்ரெண்ட் முதுகுப்பக்கம் ஒரு அடி. தோள்பட்டையில் நாலு தையல்.

மொத்தமே அஞ்சு நிமிஷம்தான் இருக்கும்.

வீடு யாருதுன்னு யாரும் கேட்கலை

ஸ்டேஷனுக்குப் போகும்போது நான் பத்திர நகலைக் கையில் வெச்சிருந்தேன். அதைக் காட்டினா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். யாரும் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. அவங்க கேட்டது ஒரே கேள்வி: "அந்தம்மாவை யார் தள்ளினது?"

இதுதான் இந்த எபிசோடோட மையம். வீடு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அதற்கு சிவில் கோர்ட் பதில் சொல்லும். ஒருத்தர் உடம்பில் காயம் பட்ட நிமிஷத்தில் கேள்வி மாறிடுது: அந்த நேரத்தில் அந்த வீடு யார் கையில் இருந்தது, யார் பலாத்காரமா நுழைஞ்சது, காயம் யாரால். அந்தக் கேள்விக்குப் பத்திரம் பதில் ஆகாது.

2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு. அதில் சாதாரணக் காயம் 115-ஆவது பிரிவு. ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். கொடுங்காயம்னா 117, ஏழு வருஷம் வரை. எது கொடுங்காயம்னு 116-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கு. எலும்பு முறிஞ்சா கொடுங்காயம். பல் உடைஞ்சாலும் கொடுங்காயம். 15 நாள் கடுமையான வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது 20 நாளா இருந்தது.

அதாவது அத்தை கையை ஊனாம வேற மாதிரி விழுந்திருந்தா சிராய்ப்போட போயிருக்கும். ஒரு எக்ஸ்ரே படம் என் வழக்கை ஒரு வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குத் தூக்கிடுச்சு.

"நான் வேணும்னு பண்ணலையே"னு வக்கீல்கிட்ட சொன்னேன். அவர் சொன்னது: "கொடுங்காயம் ஏற்படும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்லைன்னா அந்த நோக்கம் இருந்திருக்கணும், அப்போதான் 117 நிக்கும். அதை நாம வாதாடலாம். ஆனா அந்தப் பக்கம் ஆள் நிக்கிறது தெரிஞ்சே கேட்டைத் தள்ளியிருக்க. 117 போனாலும் 125 இருக்கு. அஜாக்கிரதையா நடந்து கொடுங்காயம் ஏற்படுத்தினா மூணு வருஷம் வரை." வேணும்னு பண்ணலைன்னு சொன்னா பிரிவு மாறலாம். பொறுப்பு போகாது.

'சும்மா வந்து நில்லு'

என் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் யாரையும் தொடக்கூட இல்லை. ரெண்டு பேரும் எதிரிகள் பட்டியலில் இருந்தாங்க. குட்டியானை டிரைவர் அண்ணன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அவரும் இருந்தார்.

எண்ணிப் பாருங்க. அக்கா, நான், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், டிரைவர். அஞ்சு பேர். அஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல ஒரே சட்டவிரோத நோக்கத்தோட கூடினா அது சட்டவிரோதக் கூட்டம், 189-ஆவது பிரிவு. என்னென்ன நோக்கம்னு அந்தப் பிரிவு சொல்லும்போது ஒரு இடத்தில் நான் அப்படியே நின்னுட்டேன். பலாத்காரத்தால் ஒரு சொத்தைக் கைப்பற்றுவது அதில் ஒண்ணு. தனக்கு இருக்கிற உரிமையையோ, இருக்குன்னு தான் நினைக்கிற உரிமையையோ பலாத்காரத்தால் நிலைநாட்டுவது இன்னொண்ணு. நல்லா கவனிங்க. உரிமை உண்மையிலேயே இருந்தாலும்தான். "பாதி வீடு எங்களுது" என்பது எங்க தற்காப்பு இல்லை. நாங்க எதுக்குக் கூடினோம் என்பதற்கு அதுவே சாட்சி.

டிரைவர் அண்ணனை அந்த நோக்கத்தில் சேர்க்க முடியாது, அவர் வாடகைக்கு வந்தவர், அங்கே இருந்தது மட்டும் குற்றம் ஆகாதுன்னு வக்கீல் சொன்னார். அவர் இல்லைன்னா நாலு பேர்தான், கூட்டம் ஆகாது. ஆனா அதோட நாங்க தப்பிச்சோம்னு இல்லை. 3-ஆவது பிரிவின் 5-ஆவது உட்பிரிவு இருக்கு. பழைய சட்டத்தில் 34. பொதுவான நோக்கத்தோட பலர் சேர்ந்து ஒண்ணைச் செய்தா, ஒவ்வொருத்தரும் தனியா செய்த மாதிரிதான் பொறுப்பு. இதுக்கு அஞ்சு பேர் தேவையில்லை, ரெண்டு பேர் போதும். தள்ளினது என் கை. "தள்ளுடா"ன்னது அக்கா வாய்.

இதில் எனக்கு இன்னமும் உறுத்துற விஷயம் ரெண்டு. டிரைவர் அண்ணனோட வண்டி விசாரணைக்காக நிறுத்திவைக்கப்பட்டது. அதை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பெரியுது. இன்னொண்ணு, தையல் போட்ட ஃப்ரெண்டுக்கு ஆன்சைட் வாய்ப்பு வந்திருந்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்கலாம்னு பாஸ்போர்ட் சட்டத்தில் 6-ஆவது பிரிவு இருக்கு. கோர்ட்டில் அனுமதி வாங்கிட்டு விண்ணப்பிக்கலாம். ஆனா அந்த அனுமதி வர்றதுக்குள்ள கம்பெனி வேற ஆளை அனுப்பிட்டாங்க. ஏதாவது பிரச்சினைன்னா "மச்சான் வாடா"ன்னு கூப்பிடுறது நம்ம ஊர்ல நட்போட அடையாளம் மாதிரி. கூப்பிடுறதுக்கு முன்னாடி அவன் பாஸ்போர்ட்டையும் நினைச்சுக்கோங்க.

ஓனர் நுழைஞ்சா எப்படி அத்துமீறல்?

நீங்களும் இதைத்தான் நினைச்சுட்டு இருப்பீங்க. நானும் கேட்டேன். வக்கீல் திருப்பிக் கேட்டார்: "அக்கா ஓனர், சரி. நீ யாரு? உன் ஃப்ரெண்ட்ஸ் யாரு?"

சட்டத்தில் சொந்தம் வேற, சுவாதீனம் வேற. சொந்தம்னா பத்திரம். சுவாதீனம்னா இன்னைக்கு அந்த வீட்டில் யார் குடியிருக்காங்க, சாவி யார் கையில். அத்துமீறல் குற்றம் பார்க்கிறது சுவாதீனத்தை. இன்னொருத்தர் சுவாதீனத்தில் இருக்கிற இடத்தில் மிரட்டவோ குற்றம் செய்யவோ நுழைஞ்சா அது அத்துமீறல். வீடா இருந்தா ஒரு வருஷம் வரை சிறை.

இதுக்கு வக்கீல் ரெண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்னார். ஒண்ணு 1967-இல் வந்த முன்ஷி ராம் வழக்கு. டெல்லி பக்கம் ஒரு வயல். குத்தகைக்காரர் பல வருஷமா பயிர் பண்ணிட்டிருக்கார். அவருக்குத் தெரியாம, நிலத்தோட சுவாதீனம் வேறொருத்தருக்குப் போயாச்சுன்னு காகிதத்தில் எழுதிடுறாங்க. அந்தப் பக்கத்து ஆட்கள் வயலுக்குள்ள வந்தப்போ கைகலப்பு, காயம். காயப்படுத்தினதா தண்டிக்கப்பட்டது குத்தகைக்காரர் பக்கத்து ஆட்கள். உச்ச நீதிமன்றம் அவங்களை விடுதலை செய்தது. நிலைச்ச சுவாதீனத்தில் இருக்கிறவரை உண்மையான சொந்தக்காரரே ஆனாலும் சட்டத்தின் வழியாகத்தான் வெளியேத்தணும், பலாத்காரமா வந்தா தடுக்க அவருக்கு உரிமை உண்டு. இதுதான் தீர்ப்போட சாரம்.

இன்னொண்ணு ராமே கவுடா வழக்கு, 2003 டிசம்பர். பக்கத்து பக்கத்து நிலக்காரங்க சண்டை. சொந்தம்னு நிரூபிக்க முடியலைன்னாலும், சுவாதீனத்தில் இருக்கிறவரைக் கோர்ட் பாதுகாக்கும்னு அதில் சொன்னாங்க.

அப்படின்னா மாமா செஞ்சதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. தற்காப்பு உரிமைக்கு 37-ஆவது பிரிவு எல்லை போடுது. தேவைக்கு மேல காயப்படுத்தக் கூடாது. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தா உரிமையே கிடையாது. அவர் கேட்டைச் சாத்தினது சரி. எங்களைப் பிடிச்சு வெளியே தள்ளியிருந்தா அதுவும் சரி. நாங்க முதுகைக் காட்டி ஓட ஆரம்பிச்ச நிமிஷத்தில் அவர் உரிமை முடிஞ்சுபோச்சு. தெருமுனையில் விழுந்த அடி தற்காப்பு இல்லை. அவர் மேல 118, ஆயுதத்தால் காயம், மூணு வருஷம் வரை.

இப்படி ஒரே சம்பவத்தில் ரெண்டு பக்கமும் புகார் கொடுத்தா அது வழக்கும் எதிர்வழக்கும். ஒரே நீதிபதி, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு விசாரிச்சு, ரெண்டுக்கும் தனித்தனியா தீர்ப்புச் சொல்லணும்னு 1990-இல் நத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கு. ஒருத்தர் தப்பு இன்னொருத்தர் தப்பை அழிக்காது.

காசு விஷயம். தண்டனையோட சேர்த்து, காயப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்ல குற்றவியல் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. அது போதலைன்னா சிவில் கோர்ட்டில் தனியா வழக்குப் போடலாம். ஏற்கனவே கொடுத்ததைக் கழிச்சுக்குவாங்க.

நாங்க என்ன செய்திருக்கணும்

முதல்ல, மனுவிலேயே வீட்டை எழுதியிருக்கணும். யார் எடுத்துக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு தர்றது, கடன் யார் தலையில். கணவன் மனைவியா இருக்கும்போதே ஒருத்தர் பங்கை இன்னொருத்தருக்கு விடுதலைப் பத்திரம் எழுதினா, குடும்பத்துக்குள்ள எழுதுறதுக்கான முத்திரைத்தாள் சலுகை கிடைக்கும். விவாகரத்துக்கு அப்புறம் அவங்க சட்டப்படி வேற வேற குடும்பம். வங்கிக்கும் உங்க விவாகரத்துக்கும் சம்பந்தம் இல்லை. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிற வரை ரெண்டு பேரும் கடன்காரங்கதான்.

ரெண்டாவது, பொருள். மனைவியோட சீதனம் அவளுக்கே சொந்தம், கணவன் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்தான்னு 1985-லயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பட்டியல் போட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். கோர்ட்டில் கேட்டு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி, அவர் முன்னாடி எடுத்துட்டு வரலாம். பீரோவும் வரும், யார் கையும் உடையாது.

மூணாவது, பங்கு. பாகப்பிரிவினை வழக்கு. இழுக்கும், ஒத்துக்கிறேன். நாங்க போன ஷார்ட்கட்டும் ஒன்றரை வருஷம் இழுத்தது.

இதுக்கு நேரெதிரான நிலையில் இருக்கிறவங்களுக்கும் சொல்லணும். உங்களைத்தான் வீட்டிலிருந்து வெளியே தள்ளிட்டாங்களா? குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-ஆவது பிரிவு. ஆறு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டா, சொந்தம் யாருக்குன்னு ஆராயாமலே சுவாதீனத்தைத் திரும்பத் தரச் சொல்லலாம். வீட்டில் வன்முறைன்னா 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு. பொதுவா வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வீடு கணவன் பேரில் இருக்கணும்னுகூட இல்லை, மாமனார் பேரில் இருந்தாலும் கேட்கலாம்னு 2020-இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்க. உதவி எண் 15100. அவசரம்னா 112, பெண்களுக்கு 181.

எப்படி முடிஞ்சது

வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு தடவையும் ராத்திரி சென்னையில் பஸ் ஏறி, விடியக்காலையில் சிதம்பரத்தில் இறங்குவேன். அத்தையைக் கோர்ட் வராண்டாவில் பார்ப்பேன். மாவுக்கட்டு பிரிச்ச பிறகும் அந்தக் கை முழுசா திரும்பலை. ஃபைலை இடது கையில்தான் பிடிச்சிருப்பாங்க. எனக்குச் சோறு போட்ட கை அது. போய் மன்னிப்புக் கேட்கணும்னு இருக்கும். ஆனா அவங்க சாட்சி. நீ போய்ப் பேசினா சாட்சியைக் கலைக்கிறேன்னு ஆகும், தள்ளியே நில்லுன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லியிருந்தார். மன்னிப்பு கேட்கவே சட்டத்தில் இடம் இல்லாத மாதிரி ஒரு நிலைமை.

கடைசியில் சமரச மையத்தில் உட்கார்ந்தோம். வீட்டை வித்து, கடனை அடைச்சு, மீதியை ரெண்டா பிரிச்சுக்கிட்டாங்க. மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். டிரைவர் அண்ணனுக்கு வண்டி நின்ன நாளுக்கான வாடகையும். ஆனா நாம சமாதானம் ஆனதால மட்டும் வழக்கு முடியாது. கொடுங்காய வழக்கை கோர்ட் அனுமதியோட சமாதானம் செய்யலாம். மாமா மேல இருந்த 118-ஐ அப்படியும் செய்யமுடியாது. எங்க மேல இருந்த சட்டவிரோதக் கூட்டத்தையும் முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் ரெண்டு வழக்கையும் ரத்து செய்தோம். 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதுக்கு வழி விட்டிருக்கு. ஆனா அது கேட்டா கட்டாயம் கிடைக்கிற உரிமை இல்லை. நீதிபதி பார்த்து முடிவு பண்றது.

சமரச மையத்தில் கையெழுத்துப் போட்ட அன்னைக்குத்தான் அத்தைகிட்ட பேசினேன். என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். அவங்க சொன்னாங்க: "அன்னைக்கு நீ மட்டும் தனியா வந்து கூப்பிட்டிருந்தா நான் திறந்திருப்பேன்பா. அவ பீரோவைத் துணி போட்டு மூடித்தான் வெச்சிருந்தேன்."

அந்த பீரோ இப்போ கடலூரில் இருக்கு. அக்கா அதைத் திறந்து பார்க்கவே ஒரு மாசம் ஆச்சு.

உங்க வீட்டில், ஃப்ரெண்ட்ஸ் வட்டத்தில் யாராவது பிரிஞ்சு, சொத்தை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு வெச்சிருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. யாராவது உங்களை "சும்மா வந்து நில்லு"ன்னு கூப்பிட்டா, அவங்களை வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போங்க. துணைக்குப் போறதுன்னா அங்கே போய் நிக்கலாம்.

அடுத்த வாரம் வழக்கம்போல ஒரு கெஸ்டோட வர்றேன்.